சித்திரபுரத்தில் பிழையில்லை

அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானபோது கையில் பத்து நாள் இருந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், அதன் பிறகு மூச்சு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான், பழைய பேச்சு இனி இருக்காது என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களைத் தேடிக்கொண்டு அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தார். இருக்கிற குரலை இப்போதே பதிந்து வைத்துக்கொண்டால், பின்னால் அண்ணன் போனில் எழுதுவதை அவர் குரலிலேயே பேசிக்காட்டும்படி செய்து தர ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். முந்நூறு வாக்கியம் வேண்டும், சுற்றிலும் சத்தம் இருக்கக்கூடாது. "போன்லயே பதிஞ்சாலும் போதுங்க சார்" என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம்தான் சிஸ்டம் இருந்ததே.

நான் மின்வாரியத்தில் ஓவர்சியர். பிறந்தது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. பிழைப்பு இருபத்திரண்டு வருடமாக மலைமேல் சித்திரபுரம் குடியிருப்பில். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டர்தான் எனக்குப் பிள்ளை என்று என் மனைவி கேலி செய்வாள். பன்னிரண்டு வருடப் பழசு அது. புதுசு வாங்கச் சொன்னவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போயிருக்கிறேன். முதலிலிருந்தே அதில் நாலு ஜிபி ரேம் ஒன்று இருந்தது. பிறகு கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் எட்டு ஜிபி ஒன்று கிடைத்தது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வேகம். பழையதன் மேல் 1333 என்றும் வாங்கியதன் மேல் 1600 என்றும் போட்டிருக்கும். இப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்துச் செருகினால் கம்ப்யூட்டர் தானாகவே மெதுவானதன் வேகத்துக்கு இரண்டையும் இறக்கிவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை. வேகமாக ஓடக்கூடிய ஒன்றை எதற்காகப் பிடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அதனால் போன மார்கழியில், கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பயாஸ் பக்கத்துக்குள் போய், இரண்டையும் 1600க்கு ஏற்றினேன். திரையே வரவில்லை. ரேமுக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினேன். திரை வந்தது, பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். ஒரு வாரம் இதே வேலை. கடைசியில் நிற்காமல் ஓடியது. ரேம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை இருபத்தாறு மணி நேரம் ஓட்டினேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, அறைக்குள் நான் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். சோதனை முடிந்தபோது திரையில் "பிழை: 0" என்று வந்தது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போதும் என் போனில் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

ரேம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எந்த வேலையைச் செய்தாலும் முதலில் ரேமில் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்யும். வேகமாக எழுதச் சொன்னால் எழுதும். தப்பாக எழுதிவிட்டால், தப்பு என்று சொல்லத் தெரியாது. அந்தத் தப்பை அப்படியே கொண்டுபோய் டிஸ்கில் பத்திரமாகச் சேர்த்துவிடும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உடுமலைப்பேட்டை பஸ்ஸில் மலை இறங்கினேன். அங்கிருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியிலிருந்து ஊர். மறையூர் தாண்டும்போதே கம்பளி சுட்டது. பங்குனி மாதம். அது எனக்கு ஒரு தகவலாகவே படவில்லை.

அண்ணன் வீட்டின் உள்ளறையில் எல்லாவற்றையும் பொருத்தினேன். டப்பாவின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது அண்ணன் குனிந்து பார்த்தார். குரல் ஏற்கெனவே கரகரத்து, காற்று கலந்துதான் வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு பச்சையா இருக்குது, ஒண்ணு நீலமா இருக்குது. ஜோடி பாக்காம வாங்கீட்டயாடா தம்பி?"

"ரெண்டும் ஒரே வேகத்துல ஓடுதுங்கண்ணா. நாந்தான் ஏத்தி வெச்சிருக்கறனுங்க."

"ஓட்டு, ஓட்டு" என்று சிரித்தார். சிரித்தால் இருமல் வந்துவிடும், வந்தது.

அண்ணி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "போன்ல புடிச்சா ஆவாதுங்களா தம்பி? அந்தப் புள்ள அப்பிடித்தான சொல்லுச்சு?"

"போன்ல புடிச்சா தகர டப்பாக்குள்ள இருந்து பேசற மாரி இருக்குமுங்க அண்ணி. காலம் பூரா கேக்கப் போறது, நல்லா இருக்கோணுமல்லங்க."

அண்ணி சரியென்று சமையலறைக்குப் போனார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பும் வீடு அது. பதிவின் நடுவே மணி அடிக்கக்கூடாது என்று வீட்டிலிருந்த போன்களையெல்லாம் நானே வாங்கி அணைத்து, சமையலறையில் அரிசி டிரம்மின் மேல் வைத்தேன். அதில் ஒரு போனையாவது அண்ணன் முன்னால் வைத்து ஓட விட்டிருக்கலாம். சும்மா, ஒரு துணைக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருக்கும். ஒன்றிரண்டு முறை அறைந்துகொண்டும் இருக்கிறேன்.

அந்தப் பெண் கொடுத்த முந்நூறு வாக்கியங்களை அண்ணன் ஒரு பக்கம் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் தள்ளிவிட்டார். 'தயவுசெய்து எனக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள்' என்று அதில் இருந்தது. "இப்பிடி ஆருடா பேசறாங்க? நாஞ் செத்தாலும் இப்பிடிக் கேக்க மாட்டேன்" என்றார். அதனால் அவர் பேசுகிற மாதிரியே நானும் அவருமாக உட்கார்ந்து எழுதினோம். மோட்டாரு போட்டாச்சா. தண்ணி எந்தப் பாத்தில உளுகுது. எளநி வெட்ட ஆளு வந்தாங்களா. சோத்தப் போடு. அந்த டீவிய நிறுத்து. பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுவது, நாயை விரட்டுவது, டீ நன்றாக இருக்கிறது, டீ நன்றாக இல்லை. எழுதும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு. ஒரு மனிதன் ஒரு நாளில் பேசுவது இவ்வளவுதானா என்று அண்ணனே வியந்தார்.

பதிவு மூன்று நாள் நடந்தது. மைக்கில் காற்று கேட்கும் என்று சீலிங் ஃபேனை நிறுத்தினேன். தெருச் சத்தம் வரும் என்று ஜன்னல்களைச் சாத்தினேன். அப்படியும் காதில் மாட்டும் ஹெட்போனில் ஒரு இரைச்சல் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் சூட்டைத் தணிக்கப் பக்கவாட்டில் ஓடும் சின்ன ஃபேன்தான். அதையும் கழற்றிவிட்டேன். மேலே கான்கிரீட், வெளியே பாலக்காட்டுப் பங்குனி வெயில், உள்ளே காற்றே இல்லை. தொண்டையில் கட்டியோடு ஒரு மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து 'மோட்டாரு போட்டாச்சா' என்று எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். மலையிலேயே இருந்து இருந்து சொந்த ஊரின் வெயிலை மறந்துபோன முட்டாள் எதிரே உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் நாள் கம்ப்யூட்டரே எனக்குச் சொன்னது. பதிந்துகொண்டிருக்கும்போது திரை முழுதும் நீலமாகி, நின்று, தானாக மறுபடி தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் ரேமைச் சந்தேகித்திருப்பார்கள். நான் மின்வாரியக்காரன், எனக்கு முதலில் கை போனது மீட்டருக்கு. பிளக்கில் வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுத் தொண்ணூறு. எங்கள் ஊர் லைனின் கடைசி. சுற்றியுள்ள தோப்புகளில் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடினால் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். "பாத்தீங்களாண்ணா, கரண்டு இல்ல. அதான் படுத்துக்கிச்சு" என்று ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னேன். சித்திரபுரத்தில் பவர்ஹவுஸ் பக்கத்திலேயே இருப்பதால் கரண்டு கல்லு மாதிரி நிற்கும் என்ற பெருமையையும் கூடவே அவிழ்த்துவிட்டேன்.

அதோடு விடவில்லை. அண்ணன் தோப்பின் மோட்டாரை நிறுத்தினேன். பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் போய், அண்ணன் குரலைப் பதிகிறோம், ரெண்டு நாள் மட்டும் பகலில் மோட்டார் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. "அதுக்கென்னங்க, அண்ணன் கொரலு முக்கியமல்லங்க" என்று ஒருவர் அப்போதே எழுந்து போய்ச் சுவிட்சை இறக்கினார். அந்த வெயில் காய்ச்சலில் தென்னம்பிள்ளைகள் வாடின. மோட்டார் நின்றதும் ஊரே அடங்கிவிட்டது. காக்கை கத்துவது அரை மைல் தள்ளிக் கேட்டது. வோல்டேஜும் ஏறியது. திரை அதன் பிறகு நீலமாகவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பயாஸில் ஒரு வரியை மாற்றி 1333க்கு இறக்கியிருந்தால் போதும். பத்து நொடி வேலை. மனதில் ஒரு முறை வந்தும் போனது. இருபத்தாறு மணி நேரம் ஓட்டி ஒரு பிழைகூட வரவில்லையே என்று அதைத் தட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் பட்டியல் முடிந்தது. நான் ஹெட்போனைக் கழற்றப் போனேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "கதவச் சாத்து" என்றார். சாத்தினேன். கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்கண்ணி பேரையும் ஒண்ணு போட்டுக்கடா" என்றார்.

கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அண்ணன் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. 'இந்தா' என்பார், 'ஏம்புள்ள' என்பார். வெளி ஆட்களிடம் 'ஊட்டுல' என்பார். எங்கள் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை, அப்பாவும் அப்படித்தான். பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அழைப்பது ஏதோ எட்டி நின்று அழைப்பது போல அவர்களுக்கு. "எதுக்குங்கண்ணா?" என்று கேட்டேன்.

"பொறகு சொல்லோணும்னு தோணுனாலும் முடியாதல்லோ."

நான் பதிவைத் தொடங்கிக் கையசைத்தேன். அண்ணன் மைக்கைப் பார்க்கவில்லை, சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னார். மிக மெதுவாக. குரலின் உயரத்தைக் காட்டும் பச்சைப் பட்டை திரையில் இரண்டு கட்டத்துக்கு மேல் எழவே இல்லை.

"அண்ணா, மீட்டரு ஏறவே இல்லீங்க. இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டாவது முறை, வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடும் குரலில் சொன்னார். பட்டை சரியான உயரத்துக்கு ஏறியது. நான் கட்டை விரலை உயர்த்தினேன். முதலில் சொன்னதை அப்போதே அழித்தேன். உபயோகமில்லாத பதிவை அழித்துவிடுவது என் வழக்கம்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் எல்லாப் பதிவுகளிலும் இரைச்சலை நீக்கும் வேலையை ஓடவிட்டேன். டிஸ்கில் இடம் போதவில்லை. அதனால் முந்நூற்றுச் சொச்சம் பதிவுகளையும் ஒரே மூட்டையாகச் சுருக்கிக் கட்டி, பென் டிரைவில் ஏற்றினேன். திறந்து பார்த்தேன். பட்டியலில் எல்லாப் பதிவின் பெயரும் வரிசையாக இருந்தது. உள்ளே இருப்பது ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு பட்டன் உண்டு, அரை மணி நேரம் ஆகும். வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. மூலப் பதிவுகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மூட்டையின் நகல் ஒன்றைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். அண்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பி, "எல்லாம் எடுத்தாச்சாடா?" என்றார். எடுத்தாச்சுங்கண்ணா என்றேன். அவர் குரலில் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்விகளில் அது ஒன்று.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அந்தப் பெண்ணிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். அவர் லேப்டாப்பில் செருகினார். இரண்டு முறை முயன்றார். "சார், ஃபைல் கரப்ட்னு வருதுங்களே. வேற காப்பி இருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் பென் டிரைவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றே ஊருக்கு ஓடினேன். அதே அறையில், அதே வெயிலில், அதே ரேம் சோதனையை ஓட்டினேன். சித்திரபுரத்தில் இருபத்தாறு மணி நேரம் வராத பிழை இங்கே ஆறாவது நிமிடத்தில் வந்தது. பிறகு சிவப்பு வரிகளாக வந்துகொண்டே இருந்தது. நான் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்க வேண்டிய தண்டனை என்று தோன்றியது.

அழித்தவற்றை மீட்கும் மென்பொருள் எத்தனை உண்டோ அத்தனையும் போட்டுப் பார்த்தேன். மூலப் பதிவுகள் இருந்த இடத்தின் மேலேயே அந்த மூட்டையை எழுதியிருந்தேன். மூட்டைக்குள்ளிருந்து துண்டு துண்டாகக் கொஞ்சம் வந்தது. ஒன்பது நொடி, நாலு நொடி. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம், நடுவில் 'எந்தப் பாத்தில' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அண்ணனுடையது பட்டன் போன், யாருக்கும் அவர் வாய்ஸ் அனுப்பியதில்லை. கல்யாண வீடியோக்களை வாங்கித் தேடினேன். அண்ணன் வாயசைக்கிறார், மேளச் சத்தம் கேட்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்ததை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. கம்ப்யூட்டரைத் திரும்பவும் கம்பளியில் சுற்றிக்கொண்டு மலை ஏறினேன். குளிரில் வைத்தால் திறக்கும் என்று. எழுதும்போதே தப்பாக எழுதப்பட்டது எந்தக் குளிரிலும் சரியாகாது என்று எனக்குத் தெரியும். யாராவது வந்து என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பேன். ஆனாலும் ஏறினேன். ஜன்னலைத் திறந்து வைத்து, பிறகு வாங்கிய நீல ரேமைக் கழற்றிவிட்டுப் பழைய பச்சையை மட்டும் அதன் சொந்த வேகத்தில் ஓடவிட்டு, மூட்டையைத் திறக்கச் சொன்னேன். மனைவி தோளில் கை வைத்து, "போதும், வாங்க" என்றாள். ஐந்து நாள் அப்படி இருந்தேன். ஒன்றும் திறக்கவில்லை.

அண்ணன் வீடு திரும்பிய பிறகு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'உடு' என்று எழுதிக் காட்டினார். பிறகு 'தென்னம்புள்ள பொழச்சுக்கிச்சு' என்று எழுதினார். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். மிக்ஸி பேசுவதுபோல ஒரு குரல். பேரப்பிள்ளை பயந்து அழுதது என்று அதை அலமாரியில் வைத்துவிட்டார். அண்ணியைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரால் மேசையைத் தட்டுகிறார்.

அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. போன மாதம் ஒரு காலையில் போயிருந்தபோது, அண்ணன் தோப்புக்குப் போயிருந்தார். அண்ணி கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து உரித்தேன். தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டேன்.

"கடைசி நாள் கதவச் சாத்தச் சொன்னாரல்லங்க. உங்க பேரப் பதியறதுக்குத்தானுங்க அண்ணி."

"தெரியுமுங்க தம்பி" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"மோட்டாரெல்லாம் நிறுத்திப் போட்டீங்களே, ஒரு சத்தமில்ல. நான் சமையக்கட்டுல நின்னுட்டிருந்தேன். எனக்கே கேட்டுது." அண்ணியின் கை உரிப்பதை நிறுத்தவில்லை. "சத்தமாச் சொன்னது கேட்டுதுங்க. அதுக்கு முன்னால ஒருக்கா மெதுவாச் சொன்னாராட்ட இருக்குது. இன்னொருக்காச் சொல்லுங்கன்னு நீங்க சொன்னீங்களே."

"ஆமாங்க அண்ணி."

"சத்தமாச் சொன்னது ஆளக் கூப்புடற மாரி இருந்துச்சு." உரித்த தோலை ஒதுக்கிவிட்டு, "மொதல்ல சொன்னது எப்பிடிங்க தம்பி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். ஹெட்போன் என் காதில்தான் இருந்தது. அண்ணி உரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வந்தது திரையில் இருந்த பச்சைப் பட்டை மட்டும்தான். இரண்டு கட்டம் ஏறியது, இறங்கியது.